கனகசபாபதியின் ஒஸ்டின்

1

இந்தக் கதை என்னிடம் எப்படி வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் இதைத் தேடிப் போகவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கல்முனைக்குடியில் என் வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு இதுவே வந்தது.

"சாலிஹ் மாஸ்டர் வீடு இதானே?"

கையில் நைலோன் பையோடு ஒரு பெண் நின்றார். பெயர் கேதீஸ்வரி. பாண்டிருப்பில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிய கனகசபாபதியின் மனைவி. தொண்ணூறாம் ஆண்டு ஜூன் மாதக் கலவரத்தில் [கலவரம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடந்தது அதைவிடப் பெரியது. வேறு சொல் அகப்படும்வரை இது இருக்கட்டும்] அவருடைய கணவர் காணாமற்போனார். அதன் பிறகு மகளோடு திருக்கோவிலில் தம்பி வீட்டில் இருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவன், கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன், எப்போதாவது கதையும் எழுதுபவன். அவர் வந்தது மனுவுக்காக.

காணாமற்போனவர்களைப் பற்றி விசாரித்த அதிகாரி ஒருவர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உன் புருஷனிடம் சொந்தக் கார் இருந்தது என்கிறாய், பிறகு ஏன் அவர் சைக்கிளில் போனார்?

"எனக்குப் பதில் தெரியல்ல மாஸ்டர். கார் பாவா பாஸிட கராஜில நிண்டது எண்டு மட்டுந்தான் தெரியும். ஆறு வருசமா இந்தப் பக்கம் வரப் பயம். இப்பயும் தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்களும் கூட வாறீங்களா?"

அந்த அதிகாரியின் கேள்விக்கான பதில் எனக்குத் தெரியும். (அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். கதையில் விறுவிறுப்பு இருக்கவேண்டும் என்பதற்காக அல்ல. காரணத்தையும் அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள் மூன்று.

முதலாவது: "1953ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ-40, சாம்பல் கலந்த பச்சை, கியர்த்தடி ஸ்டியரிங்கோடு சேர்ந்தது, பின்சீற்றில் மூன்று பேர் தாராளமாக—" கார் விற்கிறவனின் விளம்பரம்போல் இருந்தது.

இரண்டாவது: "கடற்காற்று இரும்பைத் தின்பது யாருக்கும் கேட்காது, ஆறு வருடங்கள் அது தின்றுகொண்டே—" வாக்கியம் அழகாக வந்ததாலேயே அதை விட்டேன். அழகான வாக்கியங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குப் பழக்கம்.

மூன்றாவது: "முகைதீன்பாவா நேர்மையான மனிதர்." இது பொய்யில்லை. ஆனால் அவருக்குச் சாட்சி சொல்லக்கூடிய இடத்தில் நான் இல்லை.

ஆகவே நேரே கராஜுக்குப் போவோம். மெக்கானிக் முகைதீன்பாவாவை ஊரில் பாவா பாஸ் என்பார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடக்கையின் சுண்டுவிரல் பாதிதான். கேதீஸ்வரியைக் கண்டதும் கையிலிருந்த ஸ்பெனரைக் கீழே வைத்தார். சாரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"வாங்க தங்கச்சி," என்றார். ஆறு வருடங்களாக எங்கே இருந்தீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

கிடுகுக் கொட்டிலுக்குள் கார் நின்றது. நான்கு ரயரும் காற்றிறங்கி, தரையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பின்சீற்றில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பொனற்றைத் தூக்கியபோது எஞ்சின் மேல் எலி கட்டிய கூடு, தும்பும் கடதாசியுமாக. கியர் பொக்ஸ் மட்டும் தனியாக ஒரு பலகையில், எண்ணெய் ஊறிய சாக்கால் சுற்றி வைத்திருந்தது.

"ஆக்கள் வந்து அதக் குடு, இதக் குடு எண்டு கேட்டாங்க. ஒரு நட்டும் கழட்டிக் குடுக்கல்ல," என்றார் பாவா.

கேதீஸ்வரி காரைச் சுற்றி வந்தார். வலப்பக்கக் கதவின் பிடியைத் தொட்டு, திறக்காமல் கையை எடுத்தார்.

"அண்டைக்கு ஏன் நானா கார் முடியல்ல?" பாவாவை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல்.

பாவா தரையைப் பார்த்தார். "கிளச் பிளேட் கொழும்பிலருந்து வரல்ல தங்கச்சி. அதான் சுணங்கின."

நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஓடுமா?"

"எஞ்சின் இறுகிக் கிடக்கு. பாக்கோணும்."

எனக்குத் தெரிந்த லொறிக்காரர் ஒருவர் இருக்கிறார், கட்டி இழுத்துத் திருக்கோவிலில் விட்டுவிடலாம், தம்பி அங்கே திருத்திக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன். எனக்கு அது அந்தக் கொட்டிலைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. கேதீஸ்வரி தலையாட்டி மறுத்தார்.

"கட்டி இழுக்க வேணாம் மாஸ்டர். அவர் ஒரு நாளும் இந்தக் காரக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்ட வந்ததில்ல. ஓடித்தான் வரவேணும்."

3

இனிக் கொஞ்சம் எஞ்சின் சங்கதி. தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், எனக்கும் தெரியாது. சனிக்கிழமைகளில் ஒரு பெட்டியில் உட்கார்ந்து பார்த்ததையும் பாவா சொன்னதையும்தான் எழுதுகிறேன். கேதீஸ்வரி ஒவ்வொரு சனியும் திருக்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் ஏன் போனேன் என்று கேட்டால், போகாமல் வீட்டில் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதல் வேலை, நான்கு பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டைகளுக்குள் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றியது. உள்ளே பிஸ்டன்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தன. முன்னால் ஹாண்டிலைப் போட்டு பாவா முழுப்பாரத்தையும் கொடுத்தார். மயிரளவும் அசையவில்லை.

"ஊறட்டும். அவசரப்பட்டா உடையும்."

அடுத்த சனிக்கிழமை பார்த்தபோது மூன்று ஓட்டைகளில் எண்ணெய் கீழே இறங்கியிருந்தது. நான்காவதில் ஊற்றியது ஊற்றியபடி நின்றது.

"இவன்தான் புடிச்சிக்கிட்டு நிக்கிறான்," என்றார் பாவா. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். நான்காவது சிலிண்டரின் சுவர் காய்ந்த தேயிலைச் சாயம்போல் பழுப்பாக இருந்தது. பிஸ்டன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினார். பிறகு காருக்கு அடியில் படுத்தார். கியர் பொக்ஸ் கழன்று கிடந்ததால் எஞ்சினின் பின்னாலுள்ள பெரிய பற்சக்கரம் வெளியே தெரிந்தது. அதன் பல்லில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். முன்னுக்குக் கொஞ்சம், பின்னுக்குக் கொஞ்சம். மறுபடி எண்ணெய். மறுபடி நெம்பல். அன்று முழுவதும் அதுதான். ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை பதினொரு மணியளவில் உள்ளே 'டக்' என்றது. அடியிலிருந்து பாவாவின் குரல் வந்தது.

"ஒரு பல்லு அசஞ்சிரிக்கி. தங்கச்சி, மேல பாருங்க. நாலாவது இறங்கினதா?"

கேதீஸ்வரி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஓம் நானா. நகம் அளவு."

மதியத்துக்குள் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. (இந்த இடத்தில் மகிழ்ச்சியாக ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அன்று அங்கே யாரும் மகிழவில்லை. எஞ்சின் இளகினால் அடுத்தது கியர் பொக்ஸ் என்பது பாவாவுக்கும் எனக்கும் தெரிந்திருந்தது.)

மற்றவற்றைச் சுருக்கிவிடுகிறேன். பெற்றோல் டாங்கில் பழைய பெற்றோல் பசையாகிக் கிடந்தது. காபரேட்டர் அடைத்திருந்தது. பின்சில்லுகளின் பிரேக் ட்ரம் இரண்டும் இறுகி, தட்டித் தட்டிக் கழற்ற வேண்டியிருந்தது. பின்அச்சுக்கு நடுவிலுள்ள டிப்ரன்சலைத் திறந்தால் ஒயில் தண்ணீர் கலந்து பால்போல் வந்தது. ஒவ்வொன்றாகக் கழுவி, உரஞ்சி, காயவைத்து, திரும்பப் பூட்டினார். மூடிக்கு ஒரு பழைய கேஸ்கட்டை எங்கிருந்தோ கொண்டுவந்தார். அவர் வேறு வேலை எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதங்களில் கராஜுக்கு வந்த எல்லாரையும் திருப்பி அனுப்பினார்.

4

இங்கே எனக்குப் பாவா மேல் சந்தேகம் வருகிறது. மனிதர் மேல் அல்ல, பாத்திரத்தின் மேல். ஆறு வருடம் ஒரு நட்டும் கழற்றாமல் காவல் காத்தவர், அந்த ஆறு வருடத்தில் ஒரு நாள் அந்தக் கியர் பொக்ஸைப் பூட்டியிருக்கலாமே. ஒரு பகல் வேலை. இதை அவரிடமே கேட்டேன்.

"பூட்டினா முடிஞ்ச கார் மாஸ்டர். முடிஞ்ச காரப் பாத்துக்கிட்டு இரிக்க எனக்கு ஏலா," என்றார்.

சரி. பாத்திரம் நிற்கிறது. தொடர்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை கியர் பொக்ஸைப் பூட்ட எடுத்தார். கொட்டில் கூரையின் வளைமரத்தில் செருகியிருந்த ஒரு பொதியை இறக்கி, கயிற்றை அறுத்தார். உள்ளே புதிய கிளச் பிளேட், கறையில்லாமல். சுற்றியிருந்தது பழைய பேப்பர். பேப்பரைச் சுருட்டி எறியப் போனவரின் கையிலிருந்து கேதீஸ்வரி அதை வாங்கினார். தொண்ணூறாம் ஆண்டுப் பேப்பர் எங்கே கண்டாலும் அவர் வாசிப்பார், ஏதாவது பெயர் இருக்குமா என்று. மடிப்பை நீவி மடியில் விரித்தார்.

தேதி மேலே இருந்தது. 1990 ஜூன் 4, திங்கட்கிழமை.

"நானா, அவர் போனது பதினாலாந் தேதி."

"ஓம்."

"பிளேட் வரல்ல எண்டு சொன்னீங்க."

பாவா பிளேட்டைச் சாக்கின் மேல் வைத்தார். இரண்டு கையையும் துணியில் துடைத்தார்.

"வந்த. ஆறாந் தேதி வந்த. நான்தான் போடல்ல. கழட்டிப் பூட்ட ரெண்டு நாள் வேல அது. நடுவில வேற வேல ஒண்ட எடுத்திட்டன். என்ட பிழ, தங்கச்சி."

"என்ன வேல?"

"ஒரு வேன்."

"ஆர்ர வேன்?"

"மறந்து பெய்த்து."

நான் மூன்று அடி தள்ளிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். பாவாவின் மனைவி றாபியா கொடுத்த தேநீர் கையில் இருந்தது. கேதீஸ்வரி பேப்பரை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்து போய்க் கொட்டிலுக்கு வெளியே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம் இருக்கும். பஸ்ஸுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்தார்.

"பூட்டுங்க நானா," என்றார்.

5

அந்த வேன் என்னுடையது.

தொண்ணூறு ஜூன் பத்தாந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை நபீலாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு பொத்துவில். ஆக்களை ஏற்றிப் போக இருந்த என் வேனின் பிரேக் பழுது. ஏழாந் தேதி காலை நான் கராஜுக்குப் போனபோது ஒஸ்டினின் கியர் பொக்ஸ் ஏற்கெனவே இறங்கியிருந்தது, பிளேட் போடவேண்டியதுதான் பாக்கி. கனகசபாபதி பக்கத்தில் நின்றார். வெள்ளைச் சேட், மேற்பொக்கற்றில் சீப்பு. நான் பாவாவிடம் என் வேனை முதலில் பார்க்கச் சொன்னேன். பாவா கனகசபாபதியைப் பார்த்தார். அவர் சிரித்தார்.

"தங்கச்சிர கலியாணம் எண்டா அத முதல் பாருங்க பாஸ். என்ட ஹயர் எங்க போகப்போகுது."

அவராகத்தான் விட்டுத் தந்தார் என்று அந்த ஆறு வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு பேர் முன்னால் கலியாணம் என்று கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார் என்பதையும் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பிரேக் முடிய ஒன்பதாந் தேதி ஆனது. பத்தாந் தேதி கலியாணம் நன்றாக நடந்தது. பதினொன்றில் சண்டை தொடங்கி எல்லாம் குழம்பியது, பாவா கராஜைப் பூட்டினார். பன்னிரண்டில் கனகசபாபதி மனைவியையும் மகளையும் ஒரு ட்ரக்டர்ப் பெட்டியில் நாவிதன்வெளிக்கு அனுப்பினார். காரை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றார். பதினான்காந் தேதி காலை கராஜுக்கு வந்தார். பாவா பூட்டியிருந்த கதவைத் திறந்தார். கியர் பொக்ஸ் தரையில் கிடந்தது. ஒரு நாள் தாங்க என்று பாவா கேட்டார். அந்த ஒரு நாள் அவரிடம் இல்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நாவிதன்வெளிப் பாதையில் போனார். போய்ச் சேரவில்லை. வழியில் மறித்தது யார் என்று மூன்று பேர் என்னிடம் மூன்று விதமாகச் சொன்னார்கள். அதை நான் எழுதவில்லை.

எழுதிப் பார்த்த இன்னொரு வடிவம்: "நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, 'அது என்ட வேன்' என்றேன். கேதீஸ்வரி—"

அந்தக் கோட்டுக்கு அப்பால் போக முடியவில்லை. நடக்காததை எழுதுவது என் தொழில்தான். ஆனால் நான் எழுந்து நின்றதாக எழுதும்போது பேனா நகர மறுக்கிறது. இன்னொரு வடிவத்தில் பேப்பரின் தேதியை எலி தின்றுவிட்டதாக எழுதினேன். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால் கிழித்தேன்.

அன்று கேதீஸ்வரி பஸ்ஸுக்குப் போன பிறகு பாவாவிடம், "ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்ட தலையில இரிக்கட்டும் மாஸ்டர். ரெண்டு பேர வெறுக்க அந்தப் புள்ளைக்குச் சத்தி காணாது," என்றார். பிறகு, முகத்தைப் பார்க்காமல், "நீங்க சொல்லுவீங்க எண்டுதான் நான் பாத்துக்கிட்டு இரிந்தன்," என்றார்.

6

மே மாதம் பதினெட்டாந் தேதி எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. ட்ரக்டரிலிருந்து இரவல் வாங்கிய பற்றறி, ஒரு கலனில் பெற்றோல். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாந் தடவை காபரேட்டர் வழியாக ஒரு தும்மல். பாவா எதையோ கொஞ்சம் திருப்பினார். மூன்றாந் தடவை பிடித்தது. நீலப் புகை கொட்டில் முழுவதையும் நிறைத்தது. கோழிகள் ஓடின. றாபியா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குசினியிலிருந்து வந்து நின்றார்.

கேதீஸ்வரி மட்கார்டில் கையை வைத்தார். கார் உதறிய உதறலில் அவருடைய வளையல் ஒன்றோடொன்று மோதியது. அவர் அழவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் வேற மாதிரிக் கிடக்கு நானா."

"நாலாவது சிலிண்டர். துரு தின்ற சுவர். அது இனி இப்பிடித்தான் சத்தம் போடும்."

"அவருக்குக் கேட்டா இது தன்ர கார் இல்ல எண்டிருப்பார்," என்றார் கேதீஸ்வரி.

7

பின்னால் நடந்தவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்காக நீங்கள் காத்திருக்கக் கூடாது.

கார் திருக்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. கேதீஸ்வரியின் தம்பி இரண்டு வருடம் ஹயர் ஓடினார். மனுவில் "வாகனம் திருத்தத்தில் இருந்தமையால்" என்று நான் எழுதினேன். வேனைப் பற்றி எழுதவில்லை. மனுவுக்குப் பதில் வரவில்லை. காரின் பதிவுப் புத்தகத்தை மனைவி பேருக்கு மாற்ற வேண்டுமானால் கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். கேதீஸ்வரி போடவில்லை. புத்தகத்தில் இன்றும் கனகசபாபதியின் பெயர்தான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு முடியும்போது இதை எழுதுகிறேன். அவர் வரவில்லை.

8

மிச்சமிருப்பது ஒரு பயணம்.

மே இருபத்தைந்து, சனிக்கிழமை காலை. பாவா ஓட்டினார். கேதீஸ்வரி முன்சீற்றில், மடியில் காரின் புத்தகம். நான் பின்னால். வரவேண்டியதில்லை என்று பாவா சொன்னார், ஆனாலும் ஏறிவிட்டேன். போகும் வழியில் சொல்லிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். காரைதீவில் சொல்லவில்லை. நிந்தவூரில் சொல்லவில்லை. ஒலுவில் தாண்டி வயல் வந்தது, யாரும் குறுக்கே பேசாத நல்ல இடம். சொல்லவில்லை.

அக்கரைப்பற்றுக்கு அப்பால் ஒரு சோதனைச் சாவடி. மறித்த சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். புத்தகத்தை வாங்கிப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். பாவாவின் அடையாள அட்டையைப் பார்த்தான். பெயர் வேறு. சிங்களத்தில் கேட்டான். கேதீஸ்வரிக்குச் சிங்களம் தெரியாது. பாவாவுக்கும் எனக்கும் தெரியும்.

பாவா கேதீஸ்வரி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"தங்கச்சி, கார்ட சொந்தக்காரர் எங்க எண்டு கேக்கிறான்."

ஆறு வருடமாக ஒவ்வொரு முகாம் வாசலிலும் அவர் கேட்ட கேள்வி அது. இப்போது அவரிடம் கேட்கிறார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. கேதீஸ்வரி சிப்பாயை நேரே பார்த்தார். தமிழில், நிதானமாகச் சொன்னார்.

"நானும் அதைத்தான் கேக்கிறன் எண்டு சொல்லுங்க நானா. ஆறு வருசமாத் தேடுறன். இவருக்கு ஏதும் தெரியுமா எண்டு கேளுங்க. கோவிக்கல்ல, கேக்கிறன் எண்டு சொல்லுங்க."

பாவா சிப்பாயிடம் சிங்களத்தில் சொன்னார்: "சொந்தக்காரர் திருக்கோவிலில் வீட்டில் இருக்கிறார். காய்ச்சல். இது அவர் மனைவி. காரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம்."

சிப்பாயின் முகம் இளகியது. புத்தகத்தை மூடி, குனிந்து, கேதீஸ்வரியிடமே நீட்டினான். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். பாதையை மறித்த குறுக்குத்தடியைத் தூக்கினான்.

கார் நகர்ந்தது. பக்கவாட்டில் தெரிந்த கேதீஸ்வரியின் முகத்தில் அதுவரை நான் காணாத ஒன்று இருந்தது. அவரைப் பொறுத்தவரை, முதல் முறையாக ஒரு சீருடைக்காரன் அவருடைய கேள்வியைக் கேட்டு, கோபிக்காமல், மரியாதையாக ஏதோ பதில் சொல்லியிருக்கிறான்.

"என்ன சொன்னான் நானா?"

பாவா கியரை மாற்றினார். பாதையைப் பார்த்தார்.

"நானா?"

கேதீஸ்வரி சீற்றில் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்களுக்குச் சிங்களம் தெரியுமே. அவன் என்ன சொன்னான்?"

அவன் சொன்னது: உங்கள் கணவருக்குச் சீக்கிரம் சுகமாகட்டும்.

நான் சொல்லக்கூடியவை மூன்று. ஒன்று, "போகச் சொன்னான்." எல்லாம் இருந்தபடியே இருக்கும். இரண்டு, அவன் சொன்னதை அப்படியே சொல்வது. அப்போது பாவாவின் பொய் உடையும். எனக்காக ஒரு பொய்யை ஏற்கெனவே சுமக்கிற மனிதரை நானே காட்டிக்கொடுத்தவன் ஆவேன். மூன்று, இரண்டு பொய்களையும் ஒன்றாக அவிழ்ப்பது. இவர் இன்று சொன்னது இது, அன்று மறைத்தது என் வேனை, என்று.

இவற்றில் எதைச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் என்னைப் பற்றி ஒரு தீர்ப்புக்கு வந்து, அதோடு எழுந்து போய்விடுவீர்கள். கேதீஸ்வரி அங்கேயே இருப்பார்.

இரண்டு மொழியும் இப்போது உங்களுக்குத் தெரியும். பாவா வேகத்தைக் கூட்டவில்லை. கேதீஸ்வரி சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் பின்சீற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்சீற்றில் நீங்கள் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.